பத்தமடைப் படச்சுருள்கள்: ஓர எண்ணை நம்புவதா, படத்தை நம்புவதா?

திருநெல்வேலி சிந்துபூந்துறையில் உள்ள நண்பர் ஒருவரின் வீட்டில் 16 எம்.எம். நெகட்டிவ் 14 டப்பாக்கள் இருக்கின்றன. டப்பாவுக்கு 400 அடி வீதம் மொத்தம் 5,600 அடி. நொடிக்கு 24 பிரேம் கணக்கில் ஓட்டினால் ஏறத்தாழ 2 மணி 35 நிமிடம் ஓடும். பத்தமடையில் கோரைப் பாய் நெய்கிறவர்களைப் பற்றி 1992, 1993 ஆண்டுகளில் அவர் எடுத்த ஆவணப்படம் அது. அதே அலமாரியில், எடிட்டர் வெட்டி ஒட்டி முடித்த கருப்பு வெள்ளை ரஷ் பிரிண்ட் (எடிட்டிங்குக்காக நெகட்டிவிலிருந்து போட்டுக்கொள்ளும் பாசிட்டிவ் பிரதி) ஒரு சுருளாக இருக்கிறது. 1,008 அடி, அதாவது 28 நிமிடம், 236 ஷாட்டுகள். படம் அந்த நிலையில் கைப்பணம் தீர்ந்து நின்றுவிட்டது. நெகட்டிவில் ஒரு பிரேமைக்கூட யாரும் வெட்டவில்லை. எடிட்டர் இப்போது உயிரோடு இல்லை. நண்பரின் மகள் படத்தை முடித்து, பத்தமடையிலேயே திரையிட்டு, படத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு ஆளுக்கொரு பிரதி கொடுக்கவேண்டும் என்கிறார். கோடம்பாக்கத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் நெகட்டிவ் கட்டிங் மேசையில் உதவியாளனாக உட்கார்ந்திருந்து, பிறகு பாளையங்கோட்டைக்குத் திரும்பிவிட்டவன் என்பதால் என்னிடம் வழி கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதை விரிவாக எழுதி வைத்தால், இதே நிலையில் பழைய சுருள்களை வைத்திருக்கும் வேறு சிலருக்கும் பயன்படக்கூடும்.

கேள்வி இதுதான்: வெட்டிய ரஷ்ஷில் இருக்கும் 236 ஷாட்டுகளுக்கும் உரிய நெகட்டிவ் பிரேம்களை எப்படிக் கண்டுபிடித்துப் பொருத்துவது? நெகட்டிவை எடிட்டர் வெட்டியபடியே வெட்டி ஒட்டிப் பிரிண்ட் போடலாம். நெகட்டிவ் முழுவதையும் ஸ்கேன் செய்து, சுருளின் ஓரத்தில் வரிசையாகப் பதிந்திருக்கும் ஓர எண்களை வைத்துக் கணினியில் பொருத்தலாம். ரஷ்ஷையும் ஸ்கேன் செய்து, எந்தப் படம் எந்தப் படத்தோடு ஒத்துப்போகிறது என்று மென்பொருளையே தேடச் சொல்லலாம். எதுவும் வேண்டாம், ரஷ்ஷை மட்டும் ஸ்கேன் செய்து முடித்துக்கொள்ளலாம் என்பாரும் உண்டு.

வழிகளை எடைபோடுவதற்கு முன், வழக்கமாக ஓர எண்ணுக்குத் துணையாக இருக்கும் ஏடுகள் இங்கே இல்லை என்பதைச் சொல்லிவிடவேண்டும். 2023 டிசம்பர் 17, 18 ஆம் தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரை மீறி ஊருக்குள் வந்தபோது, இந்த வீட்டு அலமாரியின் கீழ்த் தட்டுவரை தண்ணீர் நின்றது. கேமரா ரிப்போர்ட்டுகள் ஒட்டியிருந்த நோட்டுப் புத்தகம் கூழாகிவிட்டது. டப்பாக்களின் மேல் ஒட்டியிருந்த சீட்டுகள் உரிந்துபோயின. “எந்த டப்பாவுல எந்த நாள் எடுத்தது இருக்குன்னு எழுதி வச்ச நோட்டு ஆத்தோட போச்சு தம்பி” என்று அந்த நண்பர் (எனக்கு அண்ணாச்சி) சொன்னபோது, கணக்கு நோட்டில் மட்டும் இல்லை, சுருளின் ஓரத்திலும் இருக்கிறது என்றுதான் நான் பதில் சொன்னேன். (தண்ணீர் புகுந்த இரண்டு டப்பாக்களை அவர் மின்விசிறிக் காற்றில் உலர்த்திவிட்டார். நனைந்த படச்சுருளை அப்படி உலரவிடவே கூடாது; ஜெலட்டின் பூச்சு அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். சுத்தமான குளிர்ந்த நீரில் மூழ்கியபடியே வைத்து, கழுவித் தரக்கூடிய லேப் ஒன்றுக்குச் சில நாட்களுக்குள் அனுப்பியிருக்கவேண்டும்.)

சுருளின் ஓரத்தில் இருப்பது என்ன என்பதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. நெகட்டிவைத் தயாரிக்கும் ஆலையிலேயே, ஓரத்தில் ஒளியால் எண்கள் பதிக்கப்படுகின்றன. கழுவும் வரை அவை கண்ணுக்குத் தெரியாது, கழுவியபின் படத்தோடு சேர்ந்து தோன்றும். பூச்சுக்குள்ளேயே உருவானவை என்பதால் படம் இருக்கும்வரை அவையும் இருக்கும். ஒட்டுச்சீட்டைப்போல வெள்ளத்தில் போகாது. இவற்றைத்தான் எட்ஜ் நம்பர் என்கிறோம். 1990 இல் கோடாக் நிறுவனம் இவற்றோடு இயந்திரம் படிக்கக்கூடிய பட்டைக்குறியையும் சேர்த்துக் கீகோட் என்று பெயரிட்டது. கீகோட் எண்ணில் முதலில் இரண்டு எழுத்துகள் வரும். அவை தயாரிப்பாளரையும் படச்சுருளின் வகையையும் சொல்லும். அடுத்து வரும் ஆறு இலக்கங்கள் அந்தச் சுருளுக்கு உரியவை. கடைசி நான்கு இலக்கங்கள் மட்டுமே ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போகும். 35 எம்.எம். சுருளில் இந்த எண் ஓர் அடிக்கு, அதாவது 16 பிரேமுக்கு ஒருமுறை வரும், 16 எம்.எம். சுருளில் அரை அடிக்கு, அதாவது 20 பிரேமுக்கு ஒருமுறை வரும். எண்ணோடு ஒரு சிறு புள்ளி இருக்கும். அந்தப் புள்ளி சுட்டும் பிரேம்தான் பூஜ்யம். அதற்கு அடுத்தது ஒன்று, அதற்கும் அடுத்தது இரண்டு.

இந்தப் பூஜ்யத்தை அலட்சியமாக நினைக்கவேண்டாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு படத்தின் மூன்றாம் ரீலுக்குப் பட்டியல் எழுதும்போது புள்ளிக்கு நேரான பிரேமை ஒன்று என்று எண்ணத் தொடங்கிவிட்டேன். ரீல் முழுவதும் ஒவ்வொரு ஷாட்டும் ஒரு பிரேம் இடம் மாறிப் பதிவாகியிருந்தது. ஒரு பிரேம் பிசகினால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு ஷாட்டின் கடைசிப் பிரேமுக்கு அடுத்ததில் கேமரா நின்றதால் வந்த வெளிச்ச வெடிப்பு இருந்தது. ஒட்டுவதற்கு முன் சின்க்ரனைசரில் ரஷ்ஷையும் நெகட்டிவையும் ஒன்றாக ஓட்டிப் பார்த்தபோது, ரஷ்ஷில் இல்லாத அந்த வெடிப்பு நெகட்டிவில் வந்து நின்றதால்தான் பிழை பிடிபட்டது. அந்தப் பழுதான பிரேம் இல்லாதிருந்தால், ரீல் அப்படியே வெட்டப்பட்டிருக்கும்.

இனி இந்த 14 டப்பாக்கள். ஒளிமேசையில் ஒவ்வொன்றின் தலைப்பகுதியையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, அவை ஒரே இனம் அல்ல என்று தெரிந்தது. ஒன்பது டப்பாக்களில் கீகோட் பட்டை இருக்கிறது. மற்ற ஐந்தும், அண்ணாச்சி மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய, பட்டைக்குறி வருவதற்கு முந்தைய காலத்துச் சரக்கு. அவற்றில் கண்ணால் படிக்கும் எண் மட்டும் 20 பிரேமுக்கு ஒருமுறை வருகிறது, புள்ளி இல்லை. இப்படிப்பட்ட சுருளில் எண் பல பிரேம்களின் மேல் பரவிக் கிடக்கும் என்பதால், எந்த இலக்கத்துக்கு நேரான பிரேமைப் பூஜ்யமாகக் கொள்வது என்பதை வேலை தொடங்கும் முன்பே முடிவுசெய்து, நோட்டின் முதல் பக்கத்தில் படம் வரைந்து எழுதி வைக்கவேண்டும். அடையாளத்துக்காக டப்பாக்களுக்கு நான் 1 முதல் 14 வரை எண் கொடுத்தேன். 10 முதல் 14 வரை பழைய சரக்கு.

ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற குறிகளைப் பார்த்துவிட்டு, அவற்றை வைத்து ஆண்டைக் கண்டுபிடிக்கலாமே என்று அண்ணாச்சி கேட்டார். கோடாக் சுருள்களில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது உண்மை. ஆனால் அந்தக் குறிகள் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வந்தவை. ஒற்றை வட்டம் 1936 ஆகவும் இருக்கலாம், 1956 ஆகவும் இருக்கலாம், 1976 ஆகவும் இருக்கலாம். அதோடு அவை சொல்வது சுருள் தயாரான ஆண்டை. எடுத்த ஆண்டை அல்ல. நம் வேலைக்கு அவை உதவா.

ரஷ்ஷின் ஓரத்துக்கு வருவோம். நெகட்டிவோடு பாசிட்டிவை ஒட்டவைத்துப் பிரிண்ட் போடும்போது, இயந்திரத்தில் ஓரத்துக்கான விளக்கையும் எரியவிட்டால்தான் நெகட்டிவின் ஓர எண் ரஷ்ஷுக்கு வரும். கருப்பு வெள்ளை ரஷ்ஷில் கருத்த ஓரத்தில் வெள்ளையாகத் தெரிகிற எண்கள் நெகட்டிவிலிருந்து வந்தவை. பாசிட்டிவ் சுருளின் சொந்த எழுத்துகள் கருப்பாக இருக்கும். புதியவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்து, பாசிட்டிவின் எழுத்தைப் பட்டியலில் எழுதிவிடுவதுண்டு. ஐந்து பழைய டப்பாக்களில் 12 ஆம் எண் டப்பாவுக்கு ரஷ் போட்டுக் கொடுத்த லேப், அன்று அந்த ஓர விளக்கை எரியவிட மறந்திருக்கிறது. எனவே அந்த டப்பாவிலிருந்து வந்த 31 ஷாட்டுகளின் ஓரத்தில் நெகட்டிவ் எண் ஒன்றும் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் ஒரு பொத்தானை அழுத்தாமல் விட்டதன் கூலியை இப்போது நாம் கொடுக்கவேண்டியிருக்கிறது.

முதல் வழியான நெகட்டிவ் கட்டிங்கை நான் பரிந்துரைக்கவில்லை. அந்தத் தொழிலால் சோறு தின்றவன் என்பதால் இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. 16 எம்.எம். நெகட்டிவைச் சிமெண்ட் வைத்து ஒட்டும்போது, ஒரு முனையின் பூச்சைச் சுரண்டிவிட்டு அதன்மேல் மறுமுனையைப் படியவைக்கவேண்டும். அந்த மேற்படிவு பட எல்லையைத் தாண்டிப் பக்கத்துப் பிரேமைத் தின்றுவிடும் என்பதால், ஏ ரோல், பி ரோல் என்று இரண்டு சுருள்களில் ஷாட்டுகளை மாற்றி மாற்றி வைத்து, இடையில் படமில்லாத கருப்புச் சுருளான லீடர் போட்டு, ஒட்டை மறைப்பது வழக்கம். ஒரே ஷாட்டிலிருந்து இரண்டு துண்டுகளை எடிட்டர் பயன்படுத்தியிருந்தால், அவற்றுக்கிடையே குறைந்தது ஒன்றரைப் பிரேமாவது மிச்சம் இருக்கவேண்டும். இந்தப் படத்தில் ஓரிடத்தில், தறியின் அடிப்பு ஒன்றில் வந்த ஒரே ஒரு பழுதான பிரேமை மட்டும் நீக்கிவிட்டு எடிட்டர் இருபுறமும் சேர்த்திருக்கிறார். அந்த வெட்டை நெகட்டிவில் அப்படியே செய்ய முடியாது. இதற்கும் மேலாக, வெட்டிய நெகட்டிவை மறுபடி வெட்டாத நெகட்டிவாக ஆக்கமுடியாது. கடைசியில் கையில் வேண்டியது 16 எம்.எம். பிரிண்ட் என்றால் இந்த வழியைப் பற்றி யோசிக்கலாம். பத்தமடையில் திரையிடப்போவது டிஜிட்டல் புரொஜெக்டரில். அதற்காக ஒரே ஒரு மூலத்தைத் துண்டாடுவதில் நியாயம் இல்லை.

ரஷ்ஷை மட்டும் ஸ்கேன் செய்வதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. படம் கலரில் எடுக்கப்பட்டது. ரஷ் கருப்பு வெள்ளை. அதிலும் பல நூறு முறை மேசையில் ஓடிய கீறல்கள், டேப் ஒட்டுகள், மெழுகுப் பென்சில் கோடுகள். பட்டுப் பாயின் சிவப்பும் பச்சையும் இல்லாமல் பத்தமடையைக் காட்டுவதைவிட, காட்டாமலே இருக்கலாம். ஆனால் எடிட்டரின் முடிவுகள் வேறெங்கும் பதிவாகவில்லை என்பதால், வழிகாட்டியாக ரஷ்ஷை ஸ்கேன் செய்தே ஆகவேண்டும். “மாமா, அந்த எடிட்டையே விட்டுட்டு, ஸ்கேன் பண்ணதை வச்சுப் புதுசா வெட்டலாமே” என்று நண்பரின் மகள் ஒருமுறை கேட்டார். வெட்டலாம், ஆனால் அப்போது அது வேறொரு படம். அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

உண்மையான போட்டி எண்ணுக்கும் படத்துக்கும் இடையில்தான். ரஷ் ஸ்கேனையும் நெகட்டிவ் ஸ்கேனையும் மென்பொருளிடம் கொடுத்துவிட்டால், அது பிரேம் பிரேமாக ஒப்பிட்டு எந்த ஷாட் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடும். வேகம் அதிகம், மனித உழைப்பு குறைவு. படத்தில் மனிதர்கள் நடந்து போகும் காட்சிகளுக்கும், சேரன்மகாதேவி சாலையில் பஸ் வந்து நிற்கும் காட்சிக்கும் அது தவறமாட்டாது என்று நம்பலாம்.

ஆனால் இந்தப் படத்தின் உயிர் தறியில் இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் அறுத்து, ஊறவைத்து, மெல்லிய இழையாகக் கிழித்த கோரையை ஒரு நீண்ட குச்சியின் நுனியில் கோத்து, பாவு நூலுக்கு ஊடே தள்ளிவிட்டுக் குச்சியை உருவிக்கொண்டு, இழைகளை நெருக்கும் சட்டமான அச்சை இழுத்து அடித்து நெருக்குவது பாய் நெசவு. 7 ஆம் டப்பாவில் இந்த வேலையைக் கேமரா அசையாமல் நான்கு நிமிடம் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. அச்சு விழும் ஓர் அடிக்கு (இது சுருளின் நீளத்தை அளக்கும் அடி அல்ல) மூன்று நொடி என்று வைத்தால் எண்பது அடி, எண்பதும் ஒன்றுபோல. கை அதே இடத்தில், நிழல் அதே இடத்தில், பாய் மட்டும் அடிக்கு ஓர் இழை அளவு நீள்கிறது. அந்தப் பெண்ணின் கை அவ்வளவு சீரானது. இங்கே அந்தச் சீர்தான் நமக்குத் தொல்லை. எடிட்டர் அதிலிருந்து மூன்று துண்டுகளை எடுத்திருக்கிறார். கீறலும் கருப்பு வெள்ளையுமான ரஷ் பிரேமை வைத்து, இது முப்பத்தோராவது அடியா முப்பத்திரண்டாவதா என்று கணினியால் உறுதியாகச் சொல்ல முடியாது, கண்ணாலும் முடியாது. “படம் ஒண்ணு போலத்தானே இருக்கு, எந்த அடியை எடுத்தா என்ன?” என்று அண்ணாச்சி கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதி ஒலியில் இருக்கிறது. அந்தத் துண்டுகளுக்கு நேரான ஒலி, ஒலிக்கென்று தனியாக உள்ள மேக்னடிக் சுருளில் அதே அடிகளுக்கு ஏற்றபடி ஒட்டப்பட்டிருக்கிறது. தவறான அடியைப் போட்டால், முதல் சத்தம் பொருந்தும், நான்காம் அடிக்கு வரும்போது அச்சு விழுவதற்கு இரண்டு மூன்று பிரேம் முன்பே சத்தம் கேட்கும். பார்ப்பவர்களுக்கு என்ன தவறு என்று தெரியாது. நெய்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும், படம் அவர்களுக்கு முன்னால்தான் ஓடப்போகிறது.

ஓர எண்ணால் இதே வேலை எப்படி முடிகிறது என்று பார்க்கலாம். ரஷ்ஷில் அந்த மூன்று துண்டுகளில் முதலாவதன் தலைப் பிரேம், 6120 என்ற எண்ணின் பூஜ்யத்திலிருந்து ஏழாவதாக இருக்கிறது. நோட்டில் 6120+07 என்று எழுதுகிறோம். வால் பிரேம் 6123+12. இடையில் மூன்று எண்கள், எண்ணுக்கு 20 பிரேம், 60. பன்னிரண்டில் ஏழு போனால் 5. இரு முனைகளையும் சேர்ப்பதால் இன்னொன்று. ஆக 66 பிரேம், இரண்டே முக்கால் நொடி. ரஷ்ஷைச் சின்க்ரனைசரில் ஓட்டி எண்ணிப் பார்த்தால் அதே 66 வரவேண்டும். வராவிட்டால் எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறோம், அல்லது நடுவில் ஒரு பிரேம் கிழிந்து போயிருக்கிறது. எண் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும் இந்த வசதி படத்தைப் பொருத்தும் வழியில் இல்லை. மென்பொருள் தவறினாலும் தன் பதிலை அதே நம்பிக்கையோடுதான் சொல்லும்.

ஓர எண்ணுக்கும் குறைகள் உண்டு. 20 பிரேமுக்கு ஒருமுறைதான் எண் வருகிறது என்பதால், அதைவிடக் குறுகிய ஷாட்டில் எண்ணே இல்லாமல் போகலாம். ஒரு நொடிக்கும் குறைவான ஒன்பது ஷாட்டுகள் இந்தப் படத்தில் இருக்கின்றன. பழக்கமுள்ள உதவியாளர்கள் வெட்டும்போதே பக்கத்து எண்ணைப் பேனாவால் அந்தத் துண்டின் ஓரத்தில் எழுதிவிடுவார்கள். இங்கே ஆறில் எழுதியிருக்கிறார்கள், மூன்றில் இல்லை. அந்த மூன்றுக்கும் மென்பொருளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். நனைந்து ஒட்டிக்கொண்ட 4, 5 ஆம் டப்பாக்களின் வெளிச்சுற்றுகளில் பூச்சு உரிந்த இடங்களில் பட்டைக்குறியை இயந்திரம் படிப்பது சந்தேகம். அங்கே மனிதக் கண் பாதி இலக்கத்தைப் பார்த்து மீதியை முன்னும் பின்னும் உள்ள எண்களிலிருந்து கணித்துக்கொள்ளும். உழைப்பும் சிறிதல்ல: ஷாட்டுக்கு ஆறு நிமிடம் என்றால், 236 ஷாட்டுக்கு ஏறக்குறைய 24 மணி நேரம், நாளுக்கு மூன்று மணி நேரத்துக்குமேல் பூதக்கண்ணாடியில் கண் தாங்காது என்பதால் எட்டு நாள்.

ரஷ்ஷில் எண்ணே இல்லாத 12 ஆம் டப்பாவில்தான் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் கிடைத்தது. ரஷ் வந்தவுடன் படத்தையும் மேக்னடிக் ஒலியையும் கிளாப் வைத்துச் சேர்த்து, வெட்டத் தொடங்கும் முன், இரண்டின் ஓரத்திலும் ஒரே எண்ணை மையால் அச்சிடுவது எடிட்டிங் அறை வழக்கம். கோட் நம்பர் என்பார்கள். அது நெகட்டிவுக்கு உரியது அல்ல. படத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவைக் காப்பதற்கானது. ஆனால் முழு ரஷ்ஷும் வெட்டப்படாமல் ஒரே தொடராக இருந்தபோது அச்சிடப்பட்டது என்பதால், அந்தத் தொடர் முழுவதற்கும் மை எண்ணுக்கும் நெகட்டிவ் எண்ணுக்கும் உள்ள தூரம் மாறாது. 12 ஆம் டப்பாவின் ஷாட் ஒன்றில் கோரைக் கட்டு சரிந்து விழுகிறது; அது தரையைத் தொடும் பிரேமை நெகட்டிவிலும் ரஷ்ஷிலும் கண்ணாலேயே ஐயமின்றிக் காட்டலாம். ரஷ்ஷில் அந்தப் பிரேம் மை எண் 0112 இன் மேல் இருக்கிறது; நெகட்டிவில் 8215+04. மை எண் அடிக்கு ஒன்று, 40 பிரேம். நெகட்டிவ் எண் அரை அடிக்கு ஒன்று, 20 பிரேம். ஆகவே மை எண் 0130 இல் தொடங்கும் ஷாட்டுக்கு, பதினெட்டு அடியை இரட்டித்து முப்பத்தாறு கூட்டினால் 8251+04. நெகட்டிவில் போய்ப் பார்த்தால் அதே ஷாட்டின் அதே பிரேம் அங்கே இருந்தது. இரட்டிக்க மறந்தால் ஒன்பது அடி தள்ளிப்போய் நிற்பீர்கள் என்பதை மட்டும் நினைவில் வைக்கவேண்டும். ரஷ்ஷில் அச்சிடும் முன்பே எங்காவது வீணான துண்டை நீக்கியிருந்தால் அந்த இடத்தில் தொடர் அறுந்துவிடும். அதற்கப்பால் இன்னொரு பிரேமை மீண்டும் கண்ணால் பொருத்திக்கொள்ளவேண்டும். 31 ஷாட்டுகளில் 24 இப்படிக் கணக்கிலேயே கிடைத்துவிட்டன.

ஆகவே நான் கொடுத்த முடிவு: நெகட்டிவை வெட்டவேண்டாம், முழுவதையும் ஸ்கேன் செய்து, ஓர எண்ணை முதன்மையாகவும் படப் பொருத்தத்தைத் துணையாகவும் வைத்துக்கொள்ளவும். தேவையான ஷாட்டுகளை மட்டும் ஸ்கேன் செய்தால் செலவு குறையுமே என்ற கேள்வி எழும். 28 நிமிடம் என்பது 40,320 பிரேம். 14 டப்பா முழுவதும் என்பது 2,24,000 பிரேம். 2 கே அளவில், பிரேமுக்கு ஒன்றாக வரும் டிபிஎக்ஸ் என்ற படக் கோப்பாக ஒரு பிரேம் ஏறத்தாழ 12 மெகாபைட் பிடிக்கும் என்பதால், முன்னது அரை டெராபைட்டில் அடங்கும், பின்னது மூன்று டெராபைட்டை நெருங்கும். வித்தியாசம் பெரியதுதான். ஆனால் டப்பாக்களைத் திறந்தபோது இரண்டில் காடி நெடி லேசாக வந்தது. சுருளின் அடித்தளமான அசிட்டேட் சிதையத் தொடங்கியிருக்கிறது, நெல்லை வெயிலில் ஓட்டு வீட்டில் அது நிற்கப்போவதில்லை. இன்னொரு முறை ஸ்கேன் செய்ய வாய்ப்புக் கிடைக்கும் என்று எண்ணி வேலை செய்யக்கூடாது. மேக்னடிக் ஒலிச்சுருள் இதைவிட வேகமாகக் கெடும், ஏனென்றால் அதில் பூசிய இரும்புத் துகளே சிதைவை ஊக்குவிக்கிறது. எனவே அதை முதலில் பதிவுசெய்துவிடவேண்டும்.

ஸ்கேன் செய்யும் இடத்தில் எழுத்து மூலம் கேட்கவேண்டியவற்றில் நான் விட்டுக்கொடுக்காதவை மூன்று. பட எல்லையோடு நறுக்கிவிடாமல், துளைகளும் ஓரமும் தெரியும்படி அகலமாக எடுக்கவேண்டும். அழகுக்காக ஓரத்தை வெட்டித் தரும் ஸ்கேன், பொருத்தும் வேலைக்கு அட்டையும் பக்க எண்ணும் கிழிந்த புத்தகம். கீகோட் உள்ள ஒன்பது டப்பாக்களுக்கு, இயந்திரம் படித்த எண் ஒவ்வொரு கோப்பின் தலைப்பகுதியிலும் பதிவாகவேண்டும். டிபிஎக்ஸ் கோப்பில் அதற்கென்றே இடம் இருக்கிறது. மூன்றாவது, ஒவ்வொரு டப்பாவின் தலையிலும் ஒரு பிரேமில் துளையிட்டு, அதைப் பூஜ்யமாகக் கொண்டு இடையில் நிறுத்தாமல் ஒரே தொடராக எடுக்கவேண்டும். சுருங்கிய படத்தைப் பற்களில் மாட்டி இழுக்காத இயந்திரமாக இருப்பதும் நல்லது.

துளையின் பயன் பழைய ஐந்து டப்பாக்களில் தெரியும். பட்டைக்குறி இல்லாததால் அங்கே இயந்திரம் எண்ணைப் படிக்காது, ஆனால் 10 ஆம் டப்பாவில் துளையிட்ட பிரேம் 4402+00 என்று தெரிந்துவிட்டால், நமக்குத் தேவையான 4471+09 எங்கே என்பது வெறும் கணக்கு: அறுபத்தொன்பது எண்கள், எண்ணுக்கு 20, 1,380, அதோடு ஒன்பது. துளைக்குப் பின் 1,389 ஆவது கோப்பு. அதைத் திறந்து, அகலமாக எடுத்த ஓரத்தில் 4471 தெரிகிறதா என்று பார்த்துவிட்டால் முடிந்தது. அடிக்கோலை வைத்து அளந்து இதைச் செய்யக்கூடாது; நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கிய படம் 400 அடியில் நான்கு அடி ஏமாற்றும். பிரேமை எண்ணினால் ஏமாற்றாது.

சென்ற வாரத்திலிருந்து மாலை நேரங்களில் அண்ணாச்சி வீட்டு முன்னறையில் ரீவைண்டரும் ஒளிமேசையும் போட்டு உட்கார்ந்திருக்கிறோம். அண்ணாச்சியின் மகள் எண்ணைச் சத்தமாகப் படிக்கிறார், நான் எழுதுகிறேன், அண்ணாச்சி அதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கிறார். ஒருவரே படித்து ஒருவரே எழுதினால் 3-உம் 8-உம் இடம் மாறிக்கொள்ளும். 140 ஷாட்டுகள் முடிந்திருக்கின்றன. 12 ஆம் டப்பாவில் கணக்குக்கு அகப்படாத ஏழு ஷாட்டுகளும் ஆற்று நீரின் மேல் வெயில் மினுங்கும் காட்சிகள். அவற்றில் பொருத்திக்கொள்ள எந்தப் பொருளும் இல்லை. ஸ்கேன் வந்தபின் மென்பொருள் சொல்வதை எடுத்துக்கொண்டு, ஏழின் பக்கத்திலும் நோட்டில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைக்கப்போகிறேன்.